கவசத்துக்குள் ஒரு மனிதர்

ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைக் கற்பனை செய்து பாருங்கள். ஊசிக்கும் மருந்துக்கும் பழகிப்போன பிள்ளைகள் படுக்கைகளில் சோர்ந்து கிடக்கிறார்கள். அப்போது கதவு திறக்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் அணிந்த இரண்டு வீரர்கள் உள்ளே வருகிறார்கள். அவர்களின் முகம் தெரியவில்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கண்ணாடிகள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் கடுகடுப்பாக வளைந்த ஒரு பிளவு. திரைப்படத்தில் இவர்களைக் கண்டால் எல்லாரும் ஓடி ஒளிவார்கள். இங்கோ பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள். ஒரு சிறுமி வீரரின் மார்புக் கவசத்தை மெல்லத் தட்டிப் பார்க்கிறாள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் சிறுவன் கை குலுக்கக் கையை நீட்டுகிறான்.

இந்த வீரர்கள் நடிகர்கள் அல்லர். ஒருவர் ஆசிரியராக இருக்கலாம். மற்றவர் பேருந்து ஓட்டுநராகவோ தாதியாகவோ இருக்கலாம். அவர்கள் அணிந்திருப்பது கடையில் விற்கும் விழாக்கால உடையும் அன்று. வேலை முடிந்த இரவுகளிலும் வார இறுதிகளிலும் வீட்டு மேசையில் வைத்து, வெட்டி, தேய்த்து, ஒட்டி, அவர்களே பொருத்திய கவசம் அது. திரைப்படத்தில் வரும் கவசங்களை அச்சு அசலாகச் செய்து அணிவது இன்று உலகின் பல நாடுகளில் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. இந்தக் கவசங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன? இவற்றுக்காக ஒருவர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

பழைய ஆசை

கதைமாந்தர்களைப் போல உடை உடுத்தும் ஆசை புதியதன்று. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்தவர்களில் இருவர் மட்டும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்து அனைவரையும் வியக்க வைத்தனர். ஒருவர் ஃபாரஸ்ட் அக்கர்மன். மற்றவர் மர்டில் டக்ளஸ். அந்த உடைகளைத் தைத்தவர் மர்டில் டக்ளஸ். பின்னாளில் இத்தகைய மாநாடுகளில் உடையலங்காரம் ஒரு வழக்கமாகவே மாறியது. ஜப்பானில் 1980களில் ‘காஸ்பிளே’ என்னும் சொல் உருவாகி, இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இவ்வகை உடைகளுள் மிகவும் புகழ்பெற்றது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் வெள்ளைக் கவசம். ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய இப்படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. கொடுங்கோல் பேரரசு ஒன்றை எதிர்த்துச் சிலர் போராடும் விண்வெளிக் கதை இது. பேரரசின் ஏவலுக்குப் பணியும் படைவீரர்கள் ‘ஸ்டார்ம்ட்ரூப்பர்’ எனப்படுகின்றனர். கதையில் அவர்களுக்குப் பெயரில்லை, முகமும் இல்லை. ஆயினும், படம் பார்த்தவர்களின் மனத்தில் அந்த வெள்ளைக் கவசம் அழியாத இடத்தைப் பிடித்துக்கொண்டது.

திரைக்குப் பின்னால்

அந்தக் கவசத்தின் தோற்றத்தை முதலில் ஓவியமாகத் தீட்டியவர் ரால்ஃப் மெக்குவாரி என்னும் ஓவியர். படப்பிடிப்பின் பெரும்பகுதி இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு வளாகத்தில் நடந்தது. ஓவியத்தில் இருந்ததை உடலில் அணியும் பொருளாக மாற்றும் பொறுப்பு அங்கிருந்த கலைஞர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் களிமண்ணில் கவசத்தின் பகுதிகளைச் செதுக்கினர். பிறகு, நெகிழித் தாள்களைக் கொண்டு அதே வடிவத்தில் பல படிகளை எடுத்தனர். தலைக்கவசங்கள் மட்டும் சுமார் 50 செய்யப்பட்டன. இப்படத்தின் உடைகளை வடிவமைத்த ஜான் மோலோ அதற்காக ஆஸ்கார் விருது பெற்றார்.

திரையில் பார்க்கும்போது அது வலிமைமிக்க கவசமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது மெல்லிய நெகிழி. அதைக் கறுப்பு உடையின் மேல் எலாஸ்டிக் பட்டைகளும் அமுக்குப் பொத்தான்களும் ஒட்டுநாடாவும் தாங்கிப் பிடித்திருந்தன. வெள்ளைக் காலணிகளும் சாதாரணக் கணுக்கால் காலணிகளுக்கு வெள்ளைச் சாயம் பூசப்பட்டவையே. தலைக்கவசத்துக்குள் இருந்தவர்களுக்கு வெளியே சரியாகத் தெரியவில்லை. படத்தின் ஒரு காட்சியில், அவசரமாக உள்ளே நுழையும் வீரர் ஒருவர் கதவில் தலையை இடித்துக்கொள்வதை இன்றும் காணலாம். அந்தத் தவறு வெட்டப்படாமல் படத்திலேயே தங்கிவிட்டது. ரசிகர்கள் அதை ஆண்டுதோறும் தேடிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

தாள் கவசமாகும் விதம்

தட்டையான நெகிழித் தாள் எப்படி மார்பின் வளைவையும் தோளின் உருண்டையையும் பெறுகிறது? இதற்குப் பயன்படும் முறை ‘வெற்றிட வார்ப்பு’ எனப்படும். முதலில் தேவையான வடிவத்தில் ஓர் அச்சு செய்யப்படுகிறது. நெகிழித் தாளை ஒரு சட்டத்தில் இறுகப் பொருத்தி, அது துவண்டு தொங்கும் வரை சூடாக்குகிறார்கள். இளகிய தாளை அச்சின் மேல் இறக்கியதும், அடியிலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. அச்சுக்கும் தாளுக்கும் இடையில் காற்று இல்லாமற்போகவே, வெளியில் உள்ள காற்றின் அழுத்தம் தாளை அச்சோடு ஒட்டுமாறு அமுக்குகிறது. சில நொடிகளில் தாள் குளிர்ந்து இறுகிவிடும். அச்சிலிருந்து பிரித்தெடுத்தால் கவசத்தின் ஒரு பகுதி தயார்.

கவசத்துக்கு ஏற்ற நெகிழி ‘ஏ.பி.எஸ்.’ என்பது. பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளும் இதே நெகிழியால்தான் ஆனவை. இது எடை குறைந்தது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஏறத்தாழ 105 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் இளகும். அதனால் வெயிலில் நடந்தாலும் உருக்குலையாது.

வீட்டில் வெற்றிட வார்ப்பு செய்யப் பெரிய கருவிகள் வேண்டும். எனவே, ஆர்வலர்களில் பலர் வார்த்த பகுதிகளை வாங்கி, மற்ற வேலைகளைத் தாங்களே செய்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் உடனே அணிந்துகொள்ளலாம் என்று எண்ணிவிடக்கூடாது. உள்ளே இருப்பவை ஓரங்களில் தேவையற்ற நெகிழி நீட்டிக்கொண்டிருக்கும், இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளைத் துண்டுகள். கையையும் காலையும் மூடும் குழாய்கள் முன்பாதி, பின்பாதி எனத் தனித்தனியாகவே இருக்கும். வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டு மேசையில்

முதல் வேலை அளவெடுப்பது. வார்க்கப்பட்ட பகுதிகள் எல்லாருக்கும் ஒரே அளவில் வருகின்றன. மனித உடல்களோ பல அளவுகளில் உள்ளன. மெலிந்தவர் கவசத்தின் ஓரத்தை அதிகமாக வெட்ட வேண்டும். பருத்தவர் சிறு துண்டுகளை இணைத்து அகலப்படுத்த வேண்டும். ‘இருமுறை அளந்து ஒருமுறை வெட்டு’ என்று தச்சர்களிடையே ஓர் அறிவுரை உண்டு. கவசம் செய்பவர்களுக்கும் அது பொருந்தும். வெட்டிய நெகிழியை மீண்டும் வளர்க்க முடியாது அல்லவா?

அனுபவம் உள்ளவர்கள் புதியவர்களுக்கு ஒன்றைச் சொல்வார்கள்: தலைக்கவசத்தில் கை வைக்காதே, மேற்கைப் பகுதியிலிருந்து தொடங்கு. தலைக்கவசம் எல்லாரின் கண்ணிலும் படுவது. மேற்கைப் பகுதி சிறியது. அதன் உட்பக்கம் உடலோடு மறைந்திருக்கும். அங்கே தவறினாலும் பெரிய இழப்பில்லை. அதில் பழகிய கை பிறகு மார்பையும் தலையையும் துணிந்து தொடலாம்.

வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கத்தியை அழுத்தி ஒரே வெட்டாக வெட்டக்கூடாது. அளவுகோலை வைத்து, கத்தியால் மெல்லக் கோடு கிழித்து, அதே கோட்டின் மேல் மீண்டும் மீண்டும் கீற வேண்டும். பிறகு தாளை மெதுவாக வளைத்தால் கோட்டின் வழியே தானாகவே ஒடியும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

அடுத்தது ஒட்டுதல். இரு பாதிகளும் சேரும் இணைப்பு வெளியே தெரியாதவாறு, அதன் மேல் ஒரு நெகிழிப் பட்டையை ஒட்டுவார்கள். கைப் பகுதிகளுக்கு 15 மில்லிமீட்டர் அகலப் பட்டை; கால்களின் முன்புறத்துக்கு 20 மில்லிமீட்டர்; பின்புறத்துக்கு 25 மில்லிமீட்டர். இவை ஆர்வலர்கள் படத்தின் மூல உடைகளை நுணுகி ஆராய்ந்து கண்டறிந்த அளவுகள். ஒட்டிய இடம் அசையாமல் இருக்க, உள்ளும் புறமும் காந்தங்களை வைத்துப் பிடிக்கச் செய்வார்கள். மெதுவாக உலரும் பசையையே பலர் விரும்புகிறார்கள். ஓர் இணைப்பு உலர ஒரு நாள் ஆகலாம். ஆனால், கோணலாக ஒட்டிவிட்டால் அதைப் பிரித்து மறுபடியும் ஒட்ட அந்தப் பசைதான் இடம் கொடுக்கும். இந்தப் பொழுதுபோக்கில் அவசரக்காரர்களே அதிகமாகக் காலத்தை இழக்கிறார்கள்.

வெட்டி எறிந்த துண்டுகளும் வீணாவதில்லை. அவற்றை அசிட்டோன் என்னும் திரவத்தில் ஊறவைத்தால் கூழாகக் கரையும். கவசத்தில் விரிசல் விழுந்தால் அந்தக் கூழைப் பூசி, உலர்ந்ததும் தேய்த்துவிடலாம். நிறமும் பொருளும் ஒன்றே என்பதால் விரிசல் இருந்த இடமே தெரியாது.

நுரைத்தாளும் அச்சுப்பொறியும்

எல்லாருக்கும் வார்த்த நெகிழி கிட்டுவதில்லை. அதன் விலையும் அதிகம். குறைந்த செலவில் கற்க விரும்புபவர்கள் ‘இ.வி.ஏ.’ நுரைத்தாளைப் பயன்படுத்துகிறார்கள். பாலர் பள்ளிகளில் தரையில் பரப்பும் புதிர்ப் பாய்களும், பல காலணிகளின் அடிப்பகுதியும் இந்த நுரையால் ஆனவையே.

இம்முறையில் உடல்தான் முதல் அச்சு. உடலின் மேல் மெல்லிய நெகிழி உறையைச் சுற்றி, அதன் மேல் ஒட்டுநாடாவை ஒட்டுகிறார்கள். கவசத்தின் கோடுகளை அதன் மீது வரைந்து, கோடுகளின் வழியே வெட்டி எடுத்தால் உடலுக்குப் பொருந்தும் மாதிரிகள் கிடைக்கும். அவற்றைத் தாளில் படியெடுத்து, பிறகு நுரையில் வெட்ட வேண்டும். வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கினால் நுரை வளையும். குளிரும்வரை பிடித்திருந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். ஒட்டும்போது இரு பரப்புகளிலும் பசையைத் தடவி, அது சற்று உலர்ந்து பிசுபிசுப்பானதும் சேர்த்து அழுத்த வேண்டும். இறுதியில் நுரையின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சும், அதன் மேல் வண்ணமும் பூசினால் அது உலோகம் போலவே தோன்றும்.

அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியும் இத்துறைக்குள் வந்துள்ளது. கணினியில் வடிவமைத்ததை அது உருகிய நெகிழியால் படலம் படலமாக அடுக்கி உருவாக்குகிறது. ஒரு தலைக்கவசம் முழுமையாவதற்குப் பல பத்து மணி நேரம் ஆகலாம். அச்சுப்பொறி வேலை செய்தாலும் மனிதருக்கு ஓய்வில்லை. படலங்களின் வரிகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். பள்ளங்களை நிரப்பி மறுபடியும் தேய்க்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இத்தகைய அச்சுப்பொறிகளில் பெரிதும் பயன்படும் ‘பி.எல்.ஏ.’ நெகிழி ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுச் சென்றால், பல வார உழைப்பு கோணலாகிப் போகலாம்.

எந்த முறையாயினும் பாதுகாப்பு முதன்மையானது. நுரையையும் நெகிழியையும் தேய்க்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலுக்குக் கேடு. பசையிலிருந்தும் வண்ணத்திலிருந்தும் வரும் ஆவியும் அவ்வாறே. எனவே, முகமூடியும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பெரியவர்களின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். திரைப்பட வீரர்கள் கையில் ஏந்தும் துப்பாக்கியைச் செய்வதற்கு முன் நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியைப் போன்ற போலிப் பொருள்களுக்கு நம் வட்டாரத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன.

பிழையையும் பின்பற்றும் கலை

‘இது வெறும் நகல்தானே? இதில் என்ன கலை இருக்கிறது?’ என்று சிலர் கேட்கக்கூடும். நகல் எடுப்பது அவ்வளவு எளிதன்று. மூலத் தலைக்கவசத்தின் முகம் கையால் செதுக்கப்பட்டது. ஆகவே, அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கன்னத்தில் உள்ள நீலக் கோடுகளும் தூரிகையால் வரையப்பட்டவை; ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும். கணினியின் உதவியால் இரு பக்கங்களையும் துல்லியமாகச் சமமாக்கிய தலைக்கவசத்தைக் காட்டினால், ஆர்வலர்கள் ஒரே பார்வையில் ‘இது அதுவன்று’ என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஏற்றத்தாழ்வைப் பின்பற்ற வேண்டுமானால், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கண்காட்சிகளில் எடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். முன்பு செய்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். அவ்வாறு தேடும்போது, பெயர் தெரியாத ஒரு கலைஞரின் கை எங்கே அழுந்தியது, எங்கே விலகியது என்பது மெல்லப் புலப்படும். பழைய சிற்பத்தைப் பார்த்துச் செதுக்கிப் பழகும் மாணவர் கற்பதும் இதைத்தான்.

நகல் எடுப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. மூலத் தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் அவற்றின் படிகளைச் செய்து விற்றார். பட நிறுவனமான லூக்காஸ்ஃபிலிம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அந்தத் தலைக்கவசம் ஒரு சிற்பமா என்பது வழக்கின் முக்கியமான கேள்வி. சிற்பம் என்றால் பதிப்புரிமை நீண்ட காலம் நீடிக்கும். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அது படத்தில் ஒரு பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட பொருளே, சிற்பமன்று என்று தீர்ப்பளித்தது. ஆயினும், அமெரிக்கப் பதிப்புரிமை மீறப்பட்டதா என்பதையும் பிரிட்டனின் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று அது கூறியது. சொந்த மகிழ்ச்சிக்காகச் செய்து அணிவது வேறு. பிறருடைய படைப்பைச் செய்து விற்றுப் பணம் ஈட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை ஒவ்வோர் ஆர்வலரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இருவர் நின்றபோது

கவசத்தை முடித்தவுடன் ஒருவருக்கு எழும் கேள்வி, ‘இதை அணிந்துகொண்டு எங்கே போவது?’ என்பதே. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பின் ஜான்சன் என்பவருக்கும் இக்கேள்வி எழுந்தது. ஒரு கார் விபத்தில் காலில் படுகாயமடைந்து, பல துன்பங்களைக் கடந்து வந்தவர் அவர். சிறுவயதிலிருந்தே ஸ்டார் வார்ஸ் மீது பற்றுக் கொண்டிருந்த அவர், வெள்ளைக் கவசம் ஒன்றைச் செய்தார். 1997ஆம் ஆண்டு அப்படங்கள் மீண்டும் திரையிடப்பட்டபோது, அதை அணிந்துகொண்டு திரையரங்குக்குச் சென்றார். கூட்டத்தில் சிலர் அவரைக் கேலி செய்தனர்.

அவர் மனந்தளர்ந்து கவசத்தைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். ஆனால், டாம் குரூஸ் என்னும் நண்பரும் ஒரு கவசத்தைச் செய்து முடித்தார். அடுத்த முறை இருவரும் சேர்ந்து சென்றனர். இம்முறை நிலைமை மாறியது. தனியாக நின்றவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், இருவர் சேர்ந்து நின்றதும் வியந்து பார்த்தனர். இருவருக்கே இவ்வளவு வரவேற்பு என்றால் பலர் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் ஜான்சனுக்கு எழுந்தது. அதே ஆண்டில் ‘501ஆவது படையணி’ என்னும் அமைப்பு தோன்றியது.

இன்று அந்த அமைப்பில் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் அதற்குக் கிளை உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவர்களே உறுப்பினராகலாம். விரும்புபவர் தம் கவசத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அமைப்பினர் அதைத் தங்கள் தர விதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தாலும் திருத்தி அனுப்பச் சொல்லக்கூடும். இத்தனை கண்டிப்புக்குப் பிறகு அவர்கள் செய்வது என்ன? மருத்துவமனைகளுக்குச் செல்வது, அறக்கொடைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் தோன்றுவது ஆகியவையே. இத்தொண்டூழியத்துக்கு உறுப்பினர்கள் ஊதியம் பெறுவதில்லை. ‘நல்லது செய்யும் கெட்டவர்கள்’ என்று அவர்கள் தங்களை வேடிக்கையாக அழைத்துக்கொள்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் முதல் நாள் கலிஃபோர்னியாவில் நடந்த ரோஜா அணிவகுப்பில், சுமார் 200 உறுப்பினர்கள் ஜார்ஜ் லூக்காசின் முன்னிலையில் அணிவகுத்துச் சென்றனர்.

அந்தத் தொண்டு எளிதன்று. கவசம் அணிந்தவரால் தம் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது. உட்காருவதும் படியேறுவதும் கடினம். தலைக்கவசத்துக்குள் சிறு விசிறி பொருத்தினாலும் வியர்வை வழிந்துகொண்டே இருக்கும். அதனால், ஒவ்வொரு குழுவுடனும் சாதாரண உடையில் ஓர் உதவியாளர் செல்வார். வழியில் ஓடிவரும் குழந்தைகளைக் கவனிப்பதும், தண்ணீர் கொடுப்பதும், ஓய்வெடுக்க நினைவூட்டுவதும் அவர் பொறுப்பு. படங்களில் அவர் முகம் இருப்பதில்லை. ஆயினும், அவரில்லாமல் கவச வீரர் பத்து அடிகூடப் பாதுகாப்பாக நடக்க முடியாது.

இளஞ்சிவப்பு ரோபோ

ஜான்சன் தொடங்கிய அமைப்பு ஒருநாள் அவருடைய வீட்டுக்கே வர வேண்டிய நிலை ஏற்பட்டது. அவருடைய மகள் கேட்டி மூளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஸ்டார் வார்ஸ் படத்தில் ஆர்2-டி2 என்னும் சிறிய ரோபோ ஒன்று வரும். தன் எஜமானர்களை விட்டு நீங்காமல் காக்கும். தான் உறங்கும்போது தன்னைப் பார்த்துக்கொள்ள அப்படி ஒரு ரோபோ வேண்டும் என்று கேட்டி ஆசைப்பட்டாள். அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில்.

கவசம் செய்பவர்களைப் போலவே, அந்த ரோபோவைச் செய்யும் ஆர்வலர்களும் ஒரு குழுவாக இயங்கி வந்தனர். செய்தி அவர்களை எட்டியது. புதிதாக ஒன்றைச் செய்து முடிக்க நீண்ட காலம் பிடிக்கும். கேட்டிக்கோ அவ்வளவு காலம் இல்லை. எனவே, முன்பே செய்து முடித்த ஒரு ரோபோவை எடுத்து இளஞ்சிவப்பாக மாற்றி, 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவளிடம் கொண்டுவந்தனர். கேட்டி அதைக் கட்டியணைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் அவள் இறந்துபோனாள்.

பிறகு அவளுக்கென்றே தொடங்கிய ரோபோவையும் ஆர்வலர்கள் செய்து முடித்தனர். அவள் பெயரின் ஒலியைக் கொண்டு அதற்கு ‘ஆர்2-கேடி’ என்று பெயரிட்டனர். அது மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் சென்று பிள்ளைகளைச் சந்தித்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஒரு காட்சியிலும் அந்த இளஞ்சிவப்பு ரோபோ தோன்றுகிறது. திரைப்படத்தைப் பார்த்து ரசிகர்கள் செய்த பொருள் ஒன்று, இறுதியில் திரைப்படத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

நெகிழித் துண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்ப்பவர்கள், ‘பெரியவருக்கு இது தேவையா?’ என்று நினைக்கலாம். மேசையின் முன் அமர்ந்திருப்பவருக்கும் சில வேளைகளில் அந்த ஐயம் எழுவதுண்டு. பசை ஒட்டாமல் போன இரவுகளும், தவறாக வெட்டிவிட்டு வருந்திய நாள்களும் அவருக்கு உண்டு. ஆனால், அவர் கற்றுக்கொண்ட அளவெடுப்பும் பொறுமையும் நுட்பமும், ஒரு குழந்தைக்கு அவசரமாக ஒன்று தேவைப்பட்ட நாளில் ஆயத்தமாக இருந்தன. அந்த இளஞ்சிவப்பு ரோபோ உரிய வேளையில் வந்து சேர்ந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே பொழுதுபோக்காக அதைச் செய்யத் தொடங்கியிருந்தார் என்பதே.

மருத்துவமனைச் சுற்று முடிந்ததும் வீரர்கள் ஒதுக்குப்புறமான ஓர் அறைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகளின் பார்வை படாத இடத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். முடி வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. தோளில் பட்டை அழுந்திய சிவந்த தடம். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களின் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. உதவியாளர் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒருவர் முழங்கைப் பகுதியில் புதிதாக விழுந்த விரிசலைத் தடவிப் பார்க்கிறார். அடுத்த சனிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும்.